சாபத்தைக் கையால் சொன்னவள்

அடுத்தவர் பேச்சைப் பேசியே மூத்தவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பகலெல்லாம் தண்ணீர் விநியோக அலுவலகத்தில் புகார் கேட்கிற மேஜை. குழாயில் காற்று வருகிறது, சேறு வருகிறது, ஒன்றுமே வரவில்லை என்று ஊரார் தொலைபேசியில் கத்துவதைக் கேட்டு, அதை நாகரிகமான வாக்கியமாக்கிப் பொறியாளருக்குத் தட்டி அனுப்ப வேண்டும். நாளுக்கு நாலு பேராவது அவளுடைய வம்சத்தையே இழுத்து வைத்துத் திட்டுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அங்கே அம்மாவுக்கும் காது கேட்காது, தங்கைக்கும் கேட்காது. இரண்டு பேருக்கும் பிறவியிலேயே அப்படி. கதவை யாராவது தட்டினாலும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தாலும், அந்த வீட்டுக்கு வாயும் அவள்தான், காதும் அவள்தான். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம், "ரெண்டு பேருக்கு வாயா இருக்கேன். மூணாவதா ஒருத்தருக்கு எங்கே போறது?" என்று சிரித்தே துரத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமையிலாவது விடுதலை உண்டா என்றால் அதுவும் இல்லை. தேவாலயத்தில் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நின்று, போதகர் வாயால் சொல்வதை இவள் கையால் சொல்வாள். முன்னால் இரண்டு வரிசை காது கேளாதவர்களுக்கு. அவர்கள் யாரும் போதகரைப் பார்க்க மாட்டார்கள். பார்த்து என்ன ஆகப்போகிறது, அந்த மனிதரின் கன்னம் அசைவதைத்தான் பார்க்கலாம். அத்தனை கண்ணும் இவள் கைமேலும் முகத்தின்மேலும் இருக்கும். அவர்களைப் பொறுத்தவரை கடவுள் பேசினாலும் காணிக்கைக்குப் பொருளாளர் பேசினாலும் இந்த முகத்தோடுதான் பேசுவார்.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. பயிற்சி வகுப்பில் முதல் பாடமே அதுதான். சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் நீயும் உன் நெஞ்சைத் தொட்டு 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் இப்படிச் சொல்கிறார், எனக்குச் சம்பந்தமில்லை' என்று ஒதுங்கி நிற்க முடியாது. அவர் கோபப்பட்டால் உன் புருவம் நெரிய வேண்டும், அவர் குழைந்தால் உன் முகம் குழைய வேண்டும், ஏனென்றால் அந்த மொழிக்கு முகமும் கையோடு சேர்த்திதான். எதிர்ப்பக்கமும் இதே சட்டம். காது கேளாதவர் கையால் சொன்னதை வாய்விட்டுச் சொல்லும்போது அவருடைய 'நான்' இவளுடைய வாயில் வரும். கையால் பேசியதை எல்லாம் இந்தக் கதையில் வாயால் பேசியதைப் போலவே எழுதியிருக்கிறது. அதுவும் பேச்சுதானே.

வகுப்புக்குப் போவதற்கு முன் மூத்தவளுக்கு வேறொரு சட்டம் இருந்தது. அதை அவளே வகுத்துக்கொண்டபோது அவளுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது.

அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும், வாயும் நன்றாகவே இருந்தது. குடித்துவிட்டு வருவார், துணி விலகியது தெரியாமல் கூடத்தில் விழுந்து கிடப்பார், விடிந்து எழுந்ததும் ஆரம்பிப்பார். கண்ணில் பட்டவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி சபிப்பார். 'செவிட்டுச் சனியன்களா! உன் வம்சமே விளங்காதுடி! இந்தக் குட்டியும் செவிடு, இது பெறப்போறதும் செவிடு!' குட்டி என்றது தொட்டிலில் கிடந்த தங்கையை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, அவர் வாய் கிழிவதைப் பார்த்துவிட்டு, பெரியவள் பக்கம் திரும்பி "என்ன சொல்றாரு?" என்று கேட்பாள்.

"பசிக்குதாம்மா" என்பாள் பெரியவள்.

அம்மா தட்டில் சாப்பாடு கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பாள். அவர் ஏசிக்கொண்டே சாப்பிடுவார். குடல் வெந்து அவர் போய்ச் சேரும் வரை அந்த வீட்டில் அவர் சொன்ன அத்தனை சாபத்துக்கும் அதே ஒரு மொழிபெயர்ப்புதான். பிற்பாடு வகுப்பில் சட்டத்தைப் படித்தபோது அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இனிமேல் அப்படிச் செய்ய முடியாது என்று தோன்றியபோது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

தங்கைக்கு முப்பத்திரண்டு வயதில், இரண்டாவது வரிசையில் உட்காருகிற தச்சரைப் பிடித்துப்போனது. அவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பார் என்பதால் கைப்பேச்சில் அவர் பெயரே காதோரம் ஒரு விரலை வைப்பதுதான். அவருடைய பாட்டன் பூட்டன் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கக் கப்பலில் அள்ளிக்கொண்டு வந்த கூட்டம் அது. கன்னங்கரிய நிறம். அவர்கள் பிறந்து வளர்ந்து செத்ததெல்லாம் இந்த ஊரில்தான், ஆனாலும் வீடு வாடகைக்குக் கேட்டால் நேற்றுத்தான் வேறு ஆளுக்குக் கொடுத்தோம் என்பார்கள். தேவாலயத்தில் அவர்களுக்குக் கடைசி மூன்று வரிசை. அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும், தம் இடம் எது என்பது வாசலில் நிற்பவர்களின் பார்வையிலேயே தெரிந்துவிடும். தச்சருக்கு மட்டும் முன்னால் இடம் கிடைத்தது, காது கேட்காத புண்ணியத்தில்.

மூத்தவள் குள்ளம். இரண்டாவது வரிசைக்கு அவள் கை தெரியவில்லை என்று ஒரு பேச்சு எழுந்தபோது, தச்சர் அவளுக்கு ஒரு சின்ன மேடை செய்து கொண்டுவந்து போட்டார். முழங்கால் உயரம், நாலு விளிம்பும் இழைத்து வழவழப்பாக. ஏறி நின்றால் லேசாகக் கிறீச்சிட்டது. பிரசங்கத்துக்கு இடைஞ்சல் என்று போதகர் முகம் சுளித்தார். மூத்தவள் அதைச் சொன்னதும், தச்சர் மண்டியிட்டுப் பலகையில் உள்ளங்கையை வைத்து, "ஏறுங்க, இறங்குங்க" என்று அவளை ஏற்றி இறக்கி, தமக்குக் கேட்காத சத்தத்தைக் கையால் தேடிப் பிடித்தார். இரண்டு ஆப்பு அடித்ததும் சத்தம் நின்றது. தங்கை அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரம்பம் அன்றைக்குத்தான் என்று மூத்தவளுக்கு ஒரு கணக்கு.

விஷயம் வெளியே வந்ததும் போதகர் வீட்டுக்கு வந்தார். தேனொழுகப் பேசுகிற மனிதர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்தார். அம்மா எதிரே. மூத்தவள் அவருக்குப் பின்னால் நின்று கையை அசைத்தாள். தங்கை சமையலறை நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கமான பையன்மா. குறையே சொல்ல மாட்டேன். நம்ம ஆலயத்துப் பெஞ்செல்லாம் அவன் சரி பண்ணினதுதானே? ஆனா கல்யாணம்னு வந்தா நாலையும் பாக்கணும். ரத்தம்னு ஒண்ணு இருக்கு. நான் சொல்லல, வேதத்துலயே இருக்கு."

முப்பத்தாறு வயதுத் தொழிலாளி அவருக்கு 'அவன்'. போன வருஷம் இதே நாற்காலியில் இருந்தபடி, தங்கைக்கு அவர் கொண்டுவந்த வரன், மூன்று தொழிலில் தோற்றுத் தகப்பன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள், 'அவர்'. கைப்பேச்சில் விரலை நீட்டினால் முடிந்தது, மரியாதைக்கு ஒன்று, மட்டம் தட்ட ஒன்று என்று இல்லை. அதனால் அந்த அசிங்கம் மட்டும் அம்மாவிடம் போய்ச் சேரவில்லை.

அம்மா தன் கன்னத்தை ஒரு விரலால் தேய்த்துக்கொண்டாள். "எனக்கும் அந்த நிறம்தான் யோசனையா இருக்கு. பேரப்பிள்ளைங்க எப்படிப் பிறக்குமோ" என்றாள்.

நிலைப்படியிலிருந்து தங்கை வந்து மேஜையை ஓங்கி அறைந்தாள். காது கேளாத வீட்டில் கூப்பிடுவதும் அப்படித்தான், கத்துவதும் அப்படித்தான். தேநீர் தட்டில் கொட்டி, போதகரின் சட்டையிலும் தெறித்தது. "நீ வராத கல்யாணம் எனக்கு வேண்டாம். ஆனா இவரைத் தவிர வேற கல்யாணமும் எனக்கு வேண்டாம். நீயே முடிவு பண்ணு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் ஒன்று சொன்னால் அதிலிருந்து இறங்க மாட்டாள் என்பது அம்மாவுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆக, தங்கையின் வாழ்க்கை மொத்தமும் அம்மாவின் ஒரு தலையசைப்பில் வந்து நின்றது.

மூத்தவள் அதை வாய்விட்டுச் சொன்னதும் போதகருக்கும் அது விளங்கிவிட்டது. கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமை இதைத்தான் பிரசங்கம் பண்ணப்போறேன். அம்மா கேக்கட்டும். அப்புறமும் சம்மதம்னா, அன்னைக்கே சபையில கல்யாண அறிவிப்பு வாசிச்சுடலாம். நீ மட்டும் தெளிவா கையால சொல்லணும்மா. ஒண்ணையும் விட்டுடாதே."

பிரசங்கத்துக்கு முன்னால் அந்தப் பகுதியைப் படித்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். சனிக்கிழமை உட்கார்ந்து படித்தாள். வெள்ளம் வடிந்த பிறகு நோவா திராட்சை பயிரிடுகிறார், குடிக்கிறார், கூடாரத்தில் அம்மணமாகக் கிடக்கிறார். மகன்களில் காம் என்பவன் பார்த்துவிட்டு மற்ற இருவரிடம் சொல்கிறான். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாக நடந்துபோய்ப் போர்த்துகிறார்கள். கிழவர் போதை தெளிந்து எழுந்து சாபம் போடுகிறார். அதுவும் பார்த்தவனுக்கு இல்லை, அவன் மகன் கானானுக்கு! அந்தப் பிள்ளை கூடாரத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததாகக்கூட இல்லை. அடிமையாய்ப் போ என்கிறார். இதில் தோல் எங்கே வருகிறது, நிறம் எங்கே வருகிறது என்று திரும்பத் திரும்பப் படித்தாள். எங்கேயும் வரவில்லை.

ஞாயிறு காலையில், அங்கி மாட்டிக்கொண்டிருந்த போதகரிடமே கேட்டாள். "ஐயா, அதுல நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே?"

"மேலோட்டமா படிச்சா தெரியாதும்மா. உள்ளர்த்தம் பிடிக்கணும். அதுக்குத்தான் நாங்கள்லாம் வருஷக்கணக்கா படிக்கிறோம்" என்று தலையை வாரிக்கொண்டே சொன்னார். சீப்பை ஊதி உறைக்குள் வைத்தார்.

அவள் போய்த் தன் மேடையில் ஏறி நின்றாள். வழக்கம்போல் கறுப்பு ரவிக்கை. வெளுத்த கை கறுப்புத் துணிக்கு முன்னால் தெளிவாகத் தெரியும். கறுத்த கைக்கு வெளிர்த் துணி. அதனால்தான் தச்சர் எப்போதும் வெளிர் நிறச் சட்டையே போடுவார். நிறத்தால் ஆகிற காரியம் இவர்களுக்கு அவ்வளவுதான். முன்வரிசையில் அம்மா, அவளுக்குப் பக்கத்தில் தங்கை, பின்னால் தச்சர்.

போதகர் நன்றாகவே பேசினார், அதுதான் கொடுமை. கதையை ரசம் சொட்டச் சொன்னார். திராட்சைக்கொடி வந்தது, கூடாரம் வந்தது. அவள் கை அவர் பின்னாலேயே ஓடியது. பிறகு குரலை இறக்கினார்.

"அந்த மகனோட பிள்ளைங்க எங்கே போனாங்க தெரியுமா? வெயில் நாட்டுக்கு. சாபம் அவங்க தோல்லயே ஏறிடுச்சு. அடையாளம் வேணாமா? ஆண்டவரே போட்ட அடையாளம். அவங்க வேலை செய்யப் பிறந்தவங்க, நாம வேலை வாங்கப் பிறந்தவங்க. இதுல வெறுப்பு இல்ல, ஒழுங்குதான் இருக்கு."

மூத்தவளின் கை நெஞ்சுக்கு நேரே வந்து நின்றுவிட்டது. இதைச் சொல்லத்தான் வேண்டுமா? கொஞ்சம் பூசி மெழுகினால் யாருக்குத் தெரியும்? 'எல்லாரும் அன்பாக இருங்கள்' என்று இரண்டு அசைவு. அம்மா தலையாட்டிவிடுவாள், தங்கை பிழைத்துக்கொள்வாள், தச்சர் வழக்கம்போல் வெளியே வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போவார். இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அந்த மொழி தெரிந்த காதுள்ள ஆள் அவள் ஒருத்திதான்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த கையை லேசாகத் தூக்கி, மற்றவர்களுக்குத் தெரியாமல், சின்னதாகச் சொன்னாள்.

"பசிக்குதாம்னு சொல்லிடாதே."

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக இவளுக்குத் தெரியுமா? தெரிந்தேதான் தட்டைக் கொண்டுவந்து வைத்தாளா? யோசிக்க நேரமில்லை, போதகர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். அவள் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, விட்டதிலிருந்து பிடித்து, சொல்லத் தொடங்கினாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். 'நாம' என்று அவர் சொன்னதைத் தன் நெஞ்சில் தொடங்கி வட்டமாக வரைந்தாள். 'அவங்க' என்பதற்கு வாயில் ஒரு சொல் போதும். கைப்பேச்சில் அப்படி முடியாது, ஆள் எதிரிலேயே இருந்தால் அவர் பக்கம் விரலை நீட்டித்தான் சொல்ல வேண்டும். அவள் கடைசி மூன்று வரிசையைக் காட்டினாள். பிறகு தச்சரைக் காட்டினாள். அடிமை என்றாள். சாபம் என்றாள். ஆண்டவரே போட்ட அடையாளம் என்றபோது போதகர் முகத்தில் இருந்த அதே கனிவை, அந்த வழுவழுப்பான கனிவை, தன் முகத்தில் வரவழைத்துக்கொண்டாள். பிறத்தியார் வாந்தியைத் தன் கையால் அள்ளிப் பரிமாறுவது போலிருந்தது. குழாய்ப் புகார்க்காரர்கள் ஆயிரம் பேர் ஏசியிருக்கிறார்கள், அப்பன் ஏசியிருக்கிறான். ஒருநாளும் தன் உடம்பே தனக்கு இப்படி அருவருத்ததில்லை.

காது கேளாதவர்களிடையே ஒரு மரியாதை உண்டு. சொல்கிறவருக்குப் புரிந்துகொண்டேன் என்று காட்ட அவ்வப்போது தலையசைப்பார்கள். தச்சர் அன்றும் தலையசைத்தார். அடிமை என்றதற்கும் ஒருமுறை, தோல் என்றதற்கும் ஒருமுறை. அவளுக்கு வேலை சிரமமாக இருக்கக் கூடாதே என்றுதான்.

"எஜமான் வீட்டுப் பொண்ணை அடிமை வீட்டுக்கு அனுப்புறது..." என்று போதகர் தொடங்கும்போது அம்மா எழுந்து நின்றாள்.

அந்தச் சபையில் பிரசங்கத்தின் நடுவே எழுந்தவர்கள் இருமல் வந்தவர்கள் மட்டுமே. அம்மா வெளியே போகவில்லை. முன்னால் வந்து, மூத்தவளைப் பார்த்து நின்று, கையைத் தூக்கினாள். மூத்தவள் வாயைத் திறந்தாள். சட்டம் அதுதானே.

"நான் ஒரு குடிகாரனோட குடும்பம் நடத்தினவ" என்றது மூத்தவளின் வாய். ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் கடைசி வரிசை வரை கேட்டது.

போதகர் திரும்பினார். "இது கேள்வி நேரம் இல்லம்மா. உங்க அம்மாவை உக்காரச் சொல்லு."

மூத்தவள் அதையும் கையால் சொன்னாள், ஒன்றையும் விடாமல். அம்மா தலையசைத்துப் புரிந்துகொண்டேன் என்று காட்டிவிட்டு மேலே தொடர்ந்தாள்.

"அவரும் துணி விலகித்தான் கிடப்பாரு. நான் போர்த்தி விடுவேன். பின்பக்கமா நடந்து இல்ல, நேரா போய், மூக்கைப் பிடிச்சுக்கிட்டு. எழுந்தா அவருக்குத் தலைவலி. அதுக்கு யார் மேலயாவது பழி போட்டாகணும். கண்ணுல பட்டவங்களைச் சபிப்பாரு. என் பிள்ளையைச் சபிப்பாரு, அது வயித்துல பிறக்கப்போறதையும் சபிப்பாரு. என்ன சொல்றாருன்னு பெரியவளைக் கேப்பேன். பசிக்குதாம்மான்னு சொல்லுவா. எனக்குத் தெரியாதா? பசிக்கிறவன் மூஞ்சி அப்படியா இருக்கும்? ஆனாலும் சோத்தைக் கொண்டுபோய் வைப்பேன். குழந்தை அவ்வளவு பாடுபட்டு மறைக்குதே, அதுக்காக."

எங்கேயோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். மூத்தவள் 'நான்' என்று வந்த இடத்தில் எல்லாம் 'நான்' என்றே சொன்னாள்.

"அவர் சொன்னதை நான் வேதம்னு எடுத்துக்கிட்டிருந்தா, என் சின்ன மகளை எங்கேயாவது வீசியிருக்கணும். நான் துணியை அலசிப் போட்டேன், அவ்வளவுதான். நீங்க சொன்ன கதையில கடவுள் எங்கேங்க பேசினாரு? பேசினது போதை தெளிஞ்சு எழுந்த ஒரு கிழவன். அந்த ஆளோட வாந்தியை அலசிக் கொட்டாம, இத்தனை காலமா பத்திரமா வச்சிருந்து, நல்ல உடுப்பு போட்டுக்கிட்டு வந்து இந்தப் பிள்ளை தலையில ஊத்துறீங்களே, உங்களுக்குக் குமட்டலையா?"

அம்மா கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கினாள். இப்போது அசைவு மெதுவாக வந்தது.

"எனக்கும் இவர் நிறம் பிடிக்கலதான். அது என் அழுக்கு. நான்தான் வெக்கப்படணும். அதைக் கொண்டுபோய் ஆண்டவர் தலையில கட்ட மாட்டேன்."

அம்மா உட்காரவில்லை. தங்கைக்கு எழுந்துவரச் சைகை காட்டினாள். போதகர் தொண்டையைச் செருமி, "பாட்டு பாடுவோம்" என்றார். பாடினார்கள். எதுவுமே நடக்காததுபோல, சுருதி பிசகாமல் பாடினார்கள். கடைசி மூன்று வரிசைக்காரர்கள் குனிந்த தலை நிமிராமல் பாடினார்கள். அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். இதை முன்பும் கேட்டவர்கள்தான். அறிவிப்புகளில் தையல் வகுப்பு இருந்தது, கூரை ஒழுகுவது இருந்தது, கல்யாணம் இல்லை.

பாட்டு முடிந்து கூட்டம் கலையும்போது நாலைந்து பேர் தச்சரின் கையைக் குலுக்கி, "மனசுல வச்சுக்காதீங்க" என்றார்கள். குலுக்கிய தங்கள் கையைப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே போனார்கள். பொருளாளர் வந்தார். அவரும் தோளில் தட்டினார். தட்டிவிட்டு மூத்தவளிடம், "அஞ்சாவது பெஞ்சு ஒண்ணு ஆடுது. நாளைக்கு வந்து பாப்பானான்னு கேளு" என்றார். உண்மையாகவே கேட்டார், அந்த நேரத்தில், அந்த இடத்தில்! மூத்தவள் அந்த மனிதரின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு அதையும் கையால் சொன்னாள்.

தச்சர் யோசித்தார். "ஆடட்டும்னு சொல்லுங்க" என்றார்.

அவள் சொன்னாள். பொருளாளர் வாயைத் திறப்பதற்குள் போதகர் பக்கவாட்டுக் கதவிலிருந்து அவளைக் கூப்பிட்டார். முகத்தில் தேன் வற்றியிருந்தது. "உங்க அம்மா ஏதோ ஆத்திரத்துல சொன்னாங்க, சரி. நீ கொஞ்சம் பதமா மாத்திச் சொல்லியிருக்கலாமே? படிச்ச பொண்ணுதானே?"

"ஒண்ணையும் விட்டுடாதேன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?"

திரும்பி வந்து பார்த்தபோது அவளுடைய மேடை இடத்தில் இல்லை. தச்சர் அதை ஒரு பக்கம் தூக்கி நின்றுகொண்டிருந்தார். மறுமுனையை அம்மா பிடித்திருந்தாள், முட்டி வலிக்காரி. நான் பிடிக்கிறேன் என்று தங்கை எவ்வளவோ கையை ஆட்டியும் விடவில்லை. யாரும் தடுக்கவில்லை. மேடை அவர் செய்தது, மரமும் அவர் வாங்கியது.

நாலு பேரும் தெருவில் இறங்கினார்கள். முன்னால் மேடையைச் சுமந்துகொண்டு தச்சரும் அம்மாவும், பின்னால் அக்காவும் தங்கையும். தங்கை அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அம்மா சபையில் அத்தனை பேசினாள், ஆனால் சம்மதம் என்று எங்கே சொன்னாள்? இப்போது கேட்கலாமென்றால் அவளுடைய இரண்டு கையிலும் பலகை. கை நிறைந்திருந்தால் அவர்களால் பேச முடியாது.

நாற்சந்தியில் பாதி தாண்டியிருப்பார்கள். அம்மா சட்டென்று நின்று, மேடையை நடுத்தெருவில் இறக்கச் சொல்லித் தலையால் காட்டினாள். தச்சர் இறக்கினார், கை வலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு. அம்மா உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணத்தன்னிக்கும் இந்த மாதிரி வெளிர்ச் சட்டையே போடுங்க. நீங்க உறுதிமொழி சொல்றப்ப உங்க கை எனக்கு நல்லாத் தெரியணும். இடம் வேற பாத்துக்கலாம்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தச்சர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார், மறுபடி செருகினார்.

இதற்குள் பச்சை விளக்கு விழுந்துவிட்டது. பின்னால் கார்கள் அலறின. நாலு பேரில் மூத்தவளுக்கு மட்டும்தான் அது கேட்டது. முன்னால் நின்ற காரிலிருந்து ஒருவன் அரை உடம்பை ஜன்னலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு தச்சரைப் பார்த்துக் கத்தினான். "அடிமைப் பயலே! உன் அப்பன் வீட்டு ரோடாடா? பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு நடுரோட்டுல நிக்கிறியா, கருப்பு நாயே!"

அதே சொல். இவனுக்கு நோவாவும் தேவைப்படவில்லை, திராட்சையும் தேவைப்படவில்லை.

அவன் வாய் போகிற போக்கைத் தச்சர் பார்த்துவிட்டார். மூத்தவள் பக்கம் திரும்பி, "என்ன சொல்றான்?" என்றார்.

மூத்தவள் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை அம்மா பிடித்துக் கீழே இறக்கினாள். மேடையின் தன் முனைக்குக் குனிவதற்கு முன்னால், மற்றொரு கையால் மருமகனுக்கு அவளே பதில் சொன்னாள்.

"பசிக்குதாம்."